வெள்ளச்சிக்குச் சுழி சரியில்லையாம்

எங்கள் பக்கம் குதிரை பிடிக்கப் போகிறவர் முதலில் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், அப்புறம் சுழியைப் பார்ப்பார். நெற்றியில் ஒற்றைச் சுழியா இரட்டையா, கழுத்துச் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, சேணம் உட்காரும் இடத்தில் ஏதாவது கிடக்கிறதா என்று மயிரை விரலால் ஒதுக்கி ஒதுக்கிப் பார்ப்பார். சுழி சுத்தம் என்றால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை. இதைக் கிண்டலடிக்க எனக்கு ஆசையில்லை. வாய் பேசாத ஒன்றுக்குப் பெரும்பணம் கொடுக்கிறவருக்கு ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. என்னை உறுத்தியது அதற்கு அப்புறம் நடப்பது. வாங்கி வந்து கட்டிய பிறகு குதிரை கடித்தால் சுழி, உதைத்தால் சுழி, ராத்திரியெல்லாம் தூங்காமல் ஆடிக்கொண்டே நின்றால் அதுவும் சுழி. குதிரை நிற்கிற இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சித்தப்பா வீட்டு வெள்ளச்சியைப் பற்றி இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கும். வாதாடவும் தெரியாது, ஒத்துக்கொள்ளவும் முடியாது.

சித்தப்பா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில். பொங்கலுக்கும் படைப்புக்கும் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். மீதி நாளெல்லாம் வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு எல்லாம் பூட்டித்தான் கிடக்கும். வெள்ளச்சி சித்தப்பாவின் சொந்தக் காசு. மாப்பிள்ளை அழைப்புக்கு, காதுகுத்து ஊர்வலத்துக்கு, இப்போது கானாடுகாத்தான் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ள வரும் ஜோடிகளுக்கு என்று வாடகைக்கு விடுகிறார். பழகிய கூட்டம் என்றால் மேளச் சத்தத்திலும் வெடிச் சத்தத்திலும் பொம்மை மாதிரி நிற்கும். வீட்டில்தான் அதன் தொல்லை.

ஆத்தங்குடிக் கல் பதித்த லாயம்

வீட்டின் பின்புறம், பின்தெருவைப் பார்த்தபடி ஒரு பழைய வண்டிக்கொட்டகை உண்டு. மோட்டார் கார் வருவதற்கு முன்னால் கோச்சு வண்டியும் குதிரைகளும் நின்ற இடம். மூன்று பக்கம் சுவர், மேலே உயரமான ஓட்டுக்கூரை, முன்பக்கம் திறப்பு. இடுப்பளவுக்கு ஒரு மரச்சட்டம் மட்டும் இருந்ததாம். எதிர்வீட்டு ஆச்சிக்கு அது நினைவிருக்கிறது. "ரெண்டு குதிரை ஒண்ணா நிக்கும்ப்பா. ஒண்ணை அவுத்துட்டுப் போனா இன்னொண்ணு ஊரே கேக்குற மாதிரிக் கத்தும்" என்பார்.

சித்தப்பா அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். திறந்து கிடந்த முன்பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்து, ஒரு கதவு வைத்தார். கதவின் மேல்பாதியில் கொசுவலை. பத்துக்குப் பத்து அறை. தரையில், வீட்டு ரிப்பேரில் மிச்சப்பட்ட ஆத்தங்குடிக் கல். பச்சையும் காவியுமாகப் பூப்போட்டது. மேலே ஒரு மின்விசிறி. தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். வந்தவர்களெல்லாம் "மனுசனுக்கே இப்படி இடம் இல்லையே" என்று மெச்சினார்கள். மெச்சும்படியாகத்தான் இருந்தது. கானாடுகாத்தானில் விடுதியாக மாற்றிய வீடுகளில் இதைவிடச் சுமாரான அறைக்கு வாடகை வாங்குகிறார்கள்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. வெள்ளைக் குதிரை சாணியில் படுத்தால் விலாவில் மஞ்சள் கறை ஏறிவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மறுநாள் மாப்பிள்ளை ஏறவேண்டிய குதிரை. அதனால் சுவரில் ஆள் உயரத்தில் ஒரு வளையம் அடித்து, தலைக்கயிற்றை அதில் குட்டையாகக் கட்டிவிடுவார். நிற்கலாம், தொட்டிக்கு எட்டலாம், படுக்க எட்டாது. "குதிரை நின்னுக்கிட்டேதான தூங்கும்" என்பார் கேட்டால். உண்மைதான், பாதி உண்மை. குதிரை காலை மடங்காமல் பூட்டிக்கொண்டு நின்றபடியே கண்ணயரும். ஆனால் கனவு வருகிற ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும், ஏனென்றால் அந்த உறக்கத்தில் தசையெல்லாம் தளர்ந்துவிடும். நாளுக்கு அரைமணி, ஒருமணி நேரம் போதும். அந்தக் கொஞ்சமும் கிடைக்காமல் போனால் உடம்பு நின்றபடியே அந்த உறக்கத்துக்குள் இறங்கிவிடுகிறது. முன்னங்கால் மடங்கும், குதிரை சரியும், திடுக்கிட்டு எழும்.

வெள்ளச்சியின் முன்னங்கால்களில், குளம்புக்கு மேலே மூட்டின் முன்பக்கத்தில், காசு அகலத்துக்கு மயிர் உதிர்ந்து தோல் தடித்திருந்தது. இரண்டு காலிலும் ஒரே இடத்தில். ராத்திரி அது "மண்டி போடுவதை" பலர் பார்த்திருக்கிறார்கள். அய்யனாரைக் கும்பிடுகிறது என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி ஒரு வெள்ளிக்கிழமை சூடம் ஏற்றிவிட்டுப் போன பெண்களும் உண்டு. அய்யனாரின் குதிரைகளோ ஊருக்கு வெளியே வெயிலிலும் மழையிலும் வரிசையாக நிற்கின்றன. புதுக்கோட்டைக்குப் பக்கத்து நமுனசமுத்திரத்தில் மரத்தடியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் மண்குதிரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புரவி எடுப்பில் சாமிக்குக் குதிரை விடுகிற நம் ஆட்கள் அவற்றுக்கு ஒருநாளும் பத்துக்குப் பத்து அறை கட்டியதில்லை.

மண்டி போடுவது ஒன்று. இரண்டாவது ஆட்டம். கதவருகே நின்று தலையையும் கழுத்தையும் இடமும் வலமுமாக, எடையை ஒரு முன்னங்காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றி, மணிக்கணக்கில் ஆடும். கொள்ளு வாளிச் சத்தம் கேட்டால் ஆட்டம் வேகமெடுக்கும். மூன்றாவதுதான் எல்லோருக்கும் எரிச்சல் மூட்டியது. மரத்தொட்டியின் விளிம்பை முன்பல்லால் கவ்வி, கழுத்தை வளைத்து இழுத்து, ஏப்பம் விடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பும். விடும், மறுபடி கவ்வும். தொட்டி விளிம்பு எலி கரம்பியது போலத் தேய்ந்திருந்தது. "காத்தைக் குடிக்குது, அதான் வயிறு ஊதுது" என்பார்கள். போதாததற்குச் சாணி அள்ளுகிற பையனின் தோளில் ஒருமுறை கடித்து வைத்தது. கழுத்தில் இடப்பக்கம் ஒரு சுழி தலைகீழாக இருப்பதை யாரோ கண்டுபிடித்துச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

ராத்திரி என்ன தின்னுது?

ஒரு மழைக்காலத்து ராத்திரி வெள்ளச்சிக்குச் சூலை கண்டது, குதிரைக்கு வருகிற கடும் வயிற்றுவலி. விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதும், காலால் தரையைப் பறிப்பதும், கல்தரையில் வழுக்குவதுமாக ரகளை. கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டு, விடிய விடிய நடக்க வைத்து, அது சாணி போட்ட பிறகுதான் எல்லோரும் டீ குடித்தோம். கிளம்பும்போது அவர் சித்தப்பாவிடம் கேட்டார்: "ராத்திரி என்ன தின்னுது?"

"ராத்திரியா? ராத்திரி தூங்கும் சார்."

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வைப்பீங்க?"

"ஆறு மணிக்குக் கொள்ளும் தவிடும். காலையில அஞ்சு மணிக்கு மறுபடி. குறையே வைக்கிறதில்ல. ஊறவச்ச கொள்ளு, கோதுமைத் தவிடு, வெல்லம். பகல்ல ஒரு கட்டுப் புல்லு."

மருத்துவர் வேறொன்றும் சொல்லவில்லை. பதினோரு மணிநேரம் என்று முணுமுணுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். நான் அவரை பைக் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அங்கே நின்று சொன்னதையும், பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். குதிரை மாடு மாதிரி ஒரே மூச்சில் தின்றுவிட்டு உட்கார்ந்து அசைபோடுகிற சாதி இல்லை. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சின்னது. திறந்த வெளியில் விட்டால் நாளில் ஏறக்குறைய 16 மணிநேரம் தலையைக் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். அதற்கேற்ப வயிற்றில் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கிறது, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமிலத்தைத் தணிப்பது எச்சில். அந்த எச்சிலோ மென்றால்தான் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லைத் தின்ன முக்கால் மணிக்குக் கிட்ட ஆகும். அதே எடை தானியம் பத்து நிமிஷத்தில் உள்ளே போய்விடும். ஆக, கொள்ளும் தவிடும் வயிற்றை நிரப்பினாலும் வாய்க்கு வேலை வைப்பதில்லை. பந்தயக் குதிரைகளைக் குழாய் விட்டுப் பார்த்தபோது பெரும்பாலானவற்றின் இரைப்பையில் புண் இருந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அவையெல்லாம் ராஜ போகத்தில் வளர்கிற குதிரைகள்.

தொட்டியைக் கவ்வுவது இதோடு சேர்ந்தது. இங்கிலாந்தில் பால்குடி மறக்கும் குட்டிகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், பாலை நிறுத்தியதும் தானியத் தீனிக்கு மாற்றியவற்றில் இந்தப் பழக்கம் நாலு மடங்கு அதிகமாக வந்ததை 2002-இல் எழுதினார்கள். காற்றைக் குடிக்கிறது என்பதும் சரியில்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தில் பார்த்தால் காற்று தொண்டைக்குழாயின் மேல்பகுதிக்குப் போய், பெரும்பாலும் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. வயிறு ஊதுவதும் கவ்வுவதும் ஒரே கொட்டகையில் ஒரே காரணத்தால் வருகிற இரண்டு விஷயங்களாக இருக்கலாம் என்பதுதான் எனக்குப் பட்டது. பாய் இதை ஒத்துக்கொள்ளவில்லை. பாய் என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் கடைசியாகக் குதிரை வண்டி ஓட்டியவர்களில் ஒருவர். இப்போது பந்தயத்துக்கு ஓடுகிற இரண்டு மட்டக்குதிரைகளை ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் வைத்திருக்கிறார். "அது பழக்கம் தம்பி. பீடி மாதிரி. எதுக்கு ஆரம்பிச்சதுன்னு அதுக்கே மறந்துபோயிருக்கும்" என்றார். கடைசியில் அவர் சொன்னதுதான் ஜெயித்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

இந்த மண்ணில் குதிரை வைத்துப் பராமரிப்பதில் இருக்கும் சிக்கல் நேற்று வந்ததில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கிய மார்க்கோ போலோ, இங்கே கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரை வந்து இறங்குவதையும், வருஷம் திரும்புவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளில்லை, லாடக்காரன் இல்லை, விற்கிற வியாபாரிகளும் அப்படிப்பட்ட ஆளை வரவிடுவதில்லை, செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்று. அதற்குச் சில ஆண்டுகள் பின்னால் பாரசீகத்து வரலாற்றாளர் வாசப் இன்னும் நெருக்கமாகப் பார்த்தது போல எழுதுகிறார். ஒரு குதிரை 220 செம்பொன் தினார். அவ்வளவு விலை கொடுத்து இறக்கிய குதிரைக்கு வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, கொழுக்கவேண்டும் என்பதற்காக நாற்பது நாள் லாயத்தில் கயிறும் முளைக்குச்சியுமாகக் கட்டிப்போடுவார்களாம். அப்புறம் பழக்காமல் கொள்ளாமல் ஏறி ஓட்டுவார்களாம். துடிப்பான குதிரை கொஞ்ச நாளில் சோர்ந்து, மந்தமாகி, ஒன்றுக்கும் ஆகாமல் போய்விடும் என்று முடிக்கிறார்.

வாசப் வெளியூர்க்காரர், நம் ஆட்களை மட்டம் தட்டுவதில் அவருக்கு ருசி இருந்திருக்கலாம். நம் வெயிலுக்கு அரபுக் குதிரை தாங்காது என்று நாம் வழக்கமாகச் சொல்கிற சமாதானத்திலும் கொஞ்சம் உண்மை உண்டு. இருந்தாலும் அந்த வெண்ணெயும் பாலும் என்னை விடவில்லை. அது அலட்சியக்காரன் வைக்கிற தீனியா? தன் பிள்ளைக்கு எதை வைப்பானோ அதைக் குதிரைக்கு வைத்திருக்கிறான். சித்தப்பாவின் வெல்லமும் மின்விசிறியும் பூப்போட்ட கல்லும் அதே வம்சம். அவருக்குப் பாசத்தில் குறையென்று எவனும் சொல்லமுடியாது. தனக்கு எது சுகமோ அதையெல்லாம் வெள்ளச்சிக்குக் கொடுத்தார். கதவைச் சாத்திக்கொண்டு, சுத்தமான அறையில், விசிறிக்கடியில், யார் தொந்தரவும் இல்லாமல் இருப்பது நமக்குச் சுகம். கூட்டத்தோடு திரிந்து, நாலு பக்கமும் கண்ணை ஓட்டி, ஆபத்து என்றால் ஓடித் தப்பித்த பிராணிக்கு அது எப்படியிருக்கும்? குதிரையின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் கொஞ்சம் இடம் தவிர, சுற்றியிருப்பதெல்லாம் அதற்கு ஒரே நேரத்தில் தெரியும். வெள்ளச்சிக்குத் தெரிந்தது நாலு சுவர்.

(சொல்லாமல் விட மனமில்லை: ஆவுடையார்கோவில் எங்களுக்குப் பக்கம்தான். அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை வாங்கப்போன மாணிக்கவாசகர் பணத்தைக் கோவிலுக்குச் செலவழித்த இடம். நரிகள் பரியாகி மதுரை லாயத்தில் கட்டப்பட்டு, நடுராத்திரி மறுபடி நரியாகி, பக்கத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின கதையை எல்லோரும் ஈசன் விளையாட்டாகத்தான் கேட்கிறோம். பாவம், அந்த லாயக்காரன் முதலில் சுழியைத்தான் சந்தேகப்பட்டிருப்பான்.)

தோப்பில்

விஷயம் திரும்பியது யாருடைய யோசனையாலும் இல்லை. வீட்டுக்காரர்களுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. பின்பக்கம் முழுக்க சமையல் பந்தல், வண்டிக்கொட்டகையில் விறகும் பாத்திரமும் அடுக்கவேண்டும், சமையல்காரர்கள் பக்கத்தில் சாணி வாடை ஆகாது. வெள்ளச்சியைக் கொண்டுபோய் பாயின் தோப்பில் விட்டார்கள். கல்யாணம் முடிந்ததும் கூட்டி வந்துவிடுவதாகத்தான் பேச்சு.

தோப்பில் போனதும் சொர்க்கம் திறந்துவிடவில்லை. முதல் நாளே கீச்சென்று கத்தல், துரத்தல், காதை மடக்கிக்கொண்டு உதை. மட்டக்குதிரையில் மூத்தது வெள்ளச்சியின் பின்புறத்தில் பல் பதியக் கடித்துவிட்டது. வெள்ளைத் தோலில் அது சிவப்பாக அரைவட்டமாகத் தெரிந்தது. சித்தப்பா பாயோடு சண்டைக்கே போய்விட்டார். "பேசி முடிச்சுக்கட்டும் அண்ணே, நடுவுல நாம போகவேணாம்" என்று பாய் சமாதானப்படுத்தினார். சில நாள் கழித்து நான் போனபோது அந்த மூத்ததும் வெள்ளச்சியும் எதிரும் புதிருமாக நின்று, ஒன்றின் பிடரி முடிகிற இடத்தை மற்றது பல்லால் சொரிந்துவிட்டுக்கொண்டிருந்தன. கடித்தவனே சொரிந்துவிடுகிறான். இப்படிச் சொரியும்போது குதிரையின் இதயத்துடிப்பு குறைவதை பிரான்சில் அளந்து 1993-இல் எழுதியிருக்கிறார்கள். வேறு இடத்தில் சொரிந்தால் அவ்வளவு இறங்குவதில்லை, பிடரி அடிதான் அந்த இடம்.

ஒருநாள் விடியற்காலையில் தோப்புக்குத் தண்ணீர் கட்டுகிற பையன் சித்தப்பாவுக்கு போன் போட்டான். "வெள்ளக்குதிரை காலை நீட்டிக் கிடக்குண்ணே. அசையல." சித்தப்பா லுங்கியோடு பைக்கை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தைய சூலைதான் அவர் மனதில் ஓடியிருக்கும். தோப்புக்குள் நுழைந்தபோது பையன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வாய்க்கால் ஓரத்து மணலில் வெள்ளச்சி ஒருபக்கமாகச் சரிந்து, கழுத்தையும் நாலு காலையும் நீட்டிக் கிடந்தது. தலை தரையோடு தரையாக, கன்னத்தில் மணல். சித்தப்பா ஓடப் பார்த்தார். பாய் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் கையை நீட்டி அவர் வேட்டியை, இல்லை, லுங்கியைப் பிடித்து இழுத்தார். "தூங்குது அண்ணே. எழுப்பிறாதீங்க."

கிட்டப் போய் உற்றுப் பார்த்தேன். கீழுதடு துடித்தது. மூடிய இமைக்குள் விழி ஓடியது. முன்னங்கால் குளம்பு விட்டுவிட்டு, ஓடுகிற மாதிரி, மணலில் சின்னதாகக் கோடு போட்டது. விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி மூத்த மட்டக்குதிரை படுக்காமல் நின்றுகொண்டு எங்களையே பார்த்தது, ஒரு காது எங்கள் பக்கம், ஒரு காது தோப்புக்கு அந்தப் பக்கம். கூட்டமாக இருக்கும் குதிரைகளில் ஒன்று படுத்தால் இன்னொன்று இப்படி நிற்பது வழக்கம் என்று பாய் சொன்னார். இவ்வளவு காலமாகக் கட்டி வளர்த்த சித்தப்பா, வெள்ளச்சி இப்படிக் கிடந்து பார்த்ததே இல்லை. அவர் அதைச் சொல்லவில்லை. வரப்பிலேயே பாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கயிறு எட்டாதுல்ல அங்க" என்றார். வளையத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

அந்தக் கயிற்றைப் பற்றி இரண்டு வார்த்தை. மிருகவதைத் தடைச் சட்டம் 1960, பதினோராம் பிரிவு, தகாத அளவுக்குக் குட்டையான கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், நடமாட இடமில்லாமல் அடைத்து வைப்பதையும் குற்றமாகத்தான் சொல்கிறது. இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. சட்டம் பேசி சித்தப்பாவைத் திருத்திய வரலாறு எங்கள் குடும்பத்தில் கிடையாது. நான் சொன்னது வேறு: குதிரை தலையைக் குனிந்தால்தான் மூச்சுக்குழாயில் சேருகிற சளியும் தூசியும் வழிந்து வெளியே வரும். நாள் கணக்கில் தலையைத் தூக்கிக் கட்டினால் அது உள்ளேயே தங்கி நுரையீரலைக் கெடுக்கும். லாரியில் தலையைத் தூக்கிக் கட்டி நெடுந்தூரம் ஏற்றிப்போகும் குதிரைகளுக்கு நுரையீரல் காய்ச்சல் வருவது இதனால்தான். வெள்ளச்சியின் விடாத இருமலுக்கு அவர் வாங்கிக்கொடுத்த மருந்துச் செலவு அவருக்கு நினைவிருந்தது.

நின்றதும் நிற்காததும்

தோப்பில் ஆட்டம் ஏறக்குறைய நின்றது. தீனி வாளி வரும்போது கொஞ்சம், அவ்வளவுதான். மண்டி போடுவது அடியோடு நின்றது, மூட்டில் மயிர் முளைத்தது. பையனைக் கடித்தது அதுதான் கடைசி. ஆனால் தொட்டியைக் கவ்வுவது போகவில்லை. மென்று தீராத அளவுக்குப் புல் கிடந்தும், தோப்பில் ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தேடிப்பிடித்து அதன் விளிம்பைக் கவ்வியது. முன்னைவிடக் குறைவு, ஆனால் உண்டு. ஆரம்பித்த காரணம் போன பிறகும் பழக்கம் தனியாக நின்றுவிடுகிறது. பாயின் பீடிக் கணக்கு இதுதான். கழுத்துப்பட்டை இறுக்கிக் கட்டினால் நிற்கும் என்று ஒருவர் வந்து சொன்னார். கட்டினால் நிற்கத்தான் செய்யும், அவிழ்த்ததும் விட்டதற்கும் சேர்த்து அதிகமாகக் கவ்வும் என்று சோதித்தவர்கள் சொல்கிறார்கள். விட்டுவிட்டோம். விளிம்பில் ஒரு பழைய டயரை அறுத்து ஆணியடித்தார் பாய், பல்லாவது தேயாமல் இருக்கட்டும் என்று.

திறந்தவெளி என்றால் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. சித்திரை வெயிலில் நிழலில்லாத இடத்தில் குதிரையைக் கட்டுவதைவிடச் சுவருக்குள் கட்டுவது மேல். தரையில் தீனியைக் கொட்டினால் புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தேங்கிச் சூலை வரும். ஈ, கொசு, மழையில் குளம்பு ஊறுவது என்று தோப்புக்கும் தனித் தொல்லை உண்டு. வெறும் வைக்கோலை நிறையப் போட்டுத் தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். கொட்டகை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திறப்பு, பக்கத்தில் யார், ராத்திரி வாயில் என்ன, உடம்பைக் கிடத்த எங்கே மெத்து என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்டம் போடுகிற குதிரைகளின் லாயத்தில் பக்கவாட்டிலும் பின்னாலும் திறப்பு வைத்து, அடுத்த குதிரையும் வெளியும் தெரியும்படி செய்தபோது ஆட்டம் வெகுவாகக் குறைந்ததை இங்கிலாந்தில் கூப்பர், மில்ஸ் போன்ற ஆய்வாளர்கள் 2000-இல் காட்டினார்கள். பிறகு ஒரு கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்கள். அதில் தெரிகிற தன் உருவத்துக்கே குதிரை ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டது. இதை வாசித்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

அறுபதாம் கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்ததும் சித்தப்பா சென்னைக்கு போன் போட்டு அனுமதி கேட்டு, தான் வைத்த செங்கல் சுவரைத் தானே இடித்தார். பழைய மாதிரி இடுப்பளவுக்கு மரச்சட்டம். ஆத்தங்குடிக் கல்லின் மேல் மணல், அதன்மேல் வைக்கோல். வளையம் போய்விட்டது. வலைப்பையில் புல்லை அடைத்துத் தொங்கவிடுகிறார், ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தின்ன. இளைய மட்டக்குதிரையைப் பாய் இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டார், தீனிச் செலவு மிச்சம் என்று. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்றை அவிழ்த்தால் மற்றது கத்துகிறது, ஆச்சிக்குத்தான் தூக்கம் கெடுகிறது.

அடுத்த சண்டை தயார். பந்தயத்துக்கு ஓர் ஆண்குதிரை வாங்க சித்தப்பாவுக்கு ஆசை வந்திருக்கிறது. ஆண்குதிரையைத் தனியாக, மேல்வரை சுவர் எழுப்பி அடைக்கவேண்டும் என்கிறார், இல்லாவிட்டால் கொலை விழுமாம். பயம் நியாயமானது. சுவிட்சர்லாந்தில் அவான்ஷ் என்ற ஊரில் உள்ள அரசுக் குதிரைப் பண்ணையில் இரண்டு ஆண்குதிரைகளின் அறைகளுக்கு நடுவே சுவருக்குப் பதில் செங்குத்துக் கம்பிகள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கம்பிக்கும் அடுத்ததுக்கும் 30 செ.மீ. இடைவெளி. தலையும் கழுத்தும் நுழையும், உடம்பு நுழையாது. கத்தல், மிரட்டல் எல்லாம் நடந்தது, ஆனால் பெரிய காயம் ஒன்றும் விழவில்லை. அந்த நாட்டில் ஒரு குதிரை இன்னொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் முடியாதபடி வைத்திருப்பது சட்டப்படியே தப்பு. கம்பிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். "சுழி பார்த்து வாங்கினா கம்பியே வேணாம்" என்றார். சொன்னாலும் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளச்சி இப்போது தினம் படுக்கிறது. ஆகவே தினம் கறை. போன முகூர்த்தத்தில் தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் விலாவில் இருந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, "என்னங்க, வெள்ளைக்குதிரைன்னு சொல்லிட்டு இதைக் கொண்டாந்திருக்கீங்க" என்று வாடகையில் பிடித்தம் பேசினார். சித்தப்பா சளைக்கவில்லை. "படுத்து எந்திரிச்ச குதிரைங்க இது. உங்க மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டுத் தூங்கி விழாது" என்றார். முழு வாடகையும் வாங்கிவிட்டார். இருந்தாலும் ஊருக்குத் திரும்பியதும் தையல்காரரிடம் சொல்லி, முதுகில் போர்த்துகிற ஜரிகைத் துணியை இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டித் தைக்கக் கொடுத்திருக்கிறார்.